நூலுக்குக் குனிந்தவள்

எனக்கு முன்னால் யாரும் இல்லை. அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரி மைதானம். மாசி மாத வெயில். வாயெல்லாம் புழுதி. இருநூறு மீட்டர் ஓட்டத்தில் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்தபோது, எனக்கு முன்னால் ஓடுகிற முதுகு ஒன்றுகூட இல்லை. பின்னால் அலமேலுவின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பாதைக்குக் குறுக்கே, நெஞ்சு உயரத்தில், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வெள்ளையாக ஒரு நூல்.

என் கால் தானாகத் தயங்கியது. இடது கை தானாகப் பின்னால் போய் ஜடையைப் பிடித்துக்கொண்டது. தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, நூல் மேலே படாமல் பதவிசாக அதன் அடியில் நுழைந்தேன். நான் முழுதாக அந்தப் பக்கம் வந்து நிமிர்வதற்குள் அலமேலு நூலை நெஞ்சால் அறுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

மைதானமே சிரித்தது. சிரிக்காதவர் எங்கள் பி.டி. சார் ஒருவர்தான். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாமா பண்ணே நீ? அம்மன் சன்னதியில நுழையற மாதிரி குனிஞ்சி நுழையறியே!"

ஜடையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தத் தொடரை என் கையெழுத்திலிருந்து படித்துத் தட்டச்சு செய்து தருகிறவள் என் மருமகள். இந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "நெஜமாவா அத்தை? கதை வுடறீங்களா?" என்று கேட்டாள். அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தான், ஆனால் மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பாவு விரித்த தெரு

காஞ்சிபுரத்தில் தறிக்காரர் தெருவில் பிறந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டுச் சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பாவைத் தெருவில் விரித்து, இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். சூரியன் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை அது.

விடிந்தும் விடியாமலும் தெருவின் இரண்டு கோடியிலும் கவைக்கம்புகளை நிறுத்துவார்கள். நடுவில் ஆயிரக்கணக்கான இழைகள் விறைப்பாக நிற்கும். அரிசிக் கஞ்சி வாடை தெருவெல்லாம் அடிக்கும். எனக்கு இன்றைக்கும் கஞ்சி வாடை வந்தால், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பாவு விரித்திருக்கும் நேரத்தில் தெருவைக் கடக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. குனிந்து அடியில் நுழைய வேண்டும். தாண்டக் கூடாது. தொடக் கூடாது. பெண்பிள்ளைகள் ஜடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இழையில் மாட்டிவிடும். வளையலை முழங்கை வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். தபால்காரர் சைக்கிளைப் படுக்கப்போட்டு அடியில் தள்ளிக்கொண்டு போவார். ஒரு தடவை ஏதோ ஓர் அதிகாரியின் ஜீப் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வாயை மூடிக்கொண்டு காத்து நின்றது. சாமி புறப்பாடு வந்தால்தான் பாவை எடுப்பார்கள்.

எப்போதாவது ஓர் இழை அறுந்துவிடும். உடனே தெருவே "ச்சு" என்று நாக்கைத் தட்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் சரி, எதிரி வீட்டுப் பாவாக இருந்தாலும் சரி, அந்தச் சத்தம் தானாக வந்துவிடும். அடுத்த நொடி யாராவது ஒருத்தி கொட்டாங்கச்சியில் இருக்கும் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கி இணைத்துவிடுவாள். எங்கள் தெருவில் பெரும்பாலும் அந்த ஒருத்தி என் அம்மா.

எனக்கு ஓட வந்ததும் இந்தப் பாவால்தான். ஒரு கோடியில் அப்பா நிற்பார், மறு கோடியில் சித்தப்பா. "இழு", "வுடு" என்று சேதி கொண்டுபோகிற வேலை என்னுடையது. கத்தினால் கேட்காதா என்று கேட்காதீர்கள். கேட்கும். ஆனால் எனக்கு ஓடப் பிடித்திருந்தது. பாவை ஒட்டிய அந்த நேர்க்கோட்டில் ஓடி ஓடித்தான் கல்லூரி மைதானத்துக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் கல்லூரியில் பெண்கள் ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடுதான் எல்லை. நூல் பிடிக்கிற ஆடம்பரமெல்லாம் பையன்களுக்கு. செங்கல்பட்டிலும் முதல் சுற்றில் கோடு மட்டும்தான் இருந்தது. இறுதிச் சுற்றுக்குத்தான் நூலைக் கொண்டு வந்தார்கள். அந்தப் பாழாய்ப்போன நூலை நான் அதுவரை எதிர்கொண்டதே இல்லை.

அலமேலு

அலமேலுவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. தென்னேரிக்காரி. உழவர் வீட்டுப் பெண். நெடுநெடுவென்று இருப்பாள். ஏரிக்கரை மேல் ஓடிப் பழகியவள். தினமும் வாலாஜாபாத் வழியாகப் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவாள். பஸ் தவறினால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் கேட்டபோது, "தொரத்தல. புடிச்சேன்" என்றாள்.

நாங்கள் இருவரும் பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம். வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தோம். ஒரே பெஞ்சு, ஒரே சோற்று டப்பா. மார்க்கில் அவள் எனக்கு ஒரு படி மேலே. ஓட்டத்தில் நான் அவளுக்கு அரை அடி முன்னே. இந்த அரை அடியைப் பற்றி எங்களுக்குள் மூன்று வருடமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் வழக்கு பெரிதாகிவிட்டது. சென்னையில் ஓர் அறக்கட்டளை, படிப்பிலும் விளையாட்டிலும் ஒருசேரத் தேறிய மாணவிக்கு எம்.எஸ்ஸி. படிக்க உதவித்தொகை கொடுத்துவந்தது. விடுதிச் செலவு, புத்தகச் செலவு எல்லாம் அவர்களுடையது. அது கிடைத்த பெண்ணின் படம் பத்திரிகையில் வரும். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று இன்றைக்குச் சொன்னால் புரியாது. எங்கள் வட்டாரத்திலிருந்து ஒருத்திக்குத்தான்.

நேர்முகத் தேர்வுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். "பட்டையும் பருத்தியையும் எப்படி வேறுபடுத்துவாய்?" என்று என்னிடம் கேட்டார்கள். "எரிச்சா தெரிஞ்சிடும். பட்டு எரிஞ்சா முடி கருகற நாத்தம் வரும்" என்று ஆரம்பித்து எங்கள் தெருக்கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். அதே கேள்விக்கு அலமேலு, ஒன்று புரதம், இன்னொன்று செல்லுலோஸ் என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தாளாம். என் வாயும் அவள் மார்க்கும் தராசில் சரியாக நின்றுவிட்டன. அறக்கட்டளையின் காரியதரிசி அம்மாள் எங்களை ஒன்றாக உட்காரவைத்து வெளிப்படையாகச் சொன்னார். சென்னையில் நடக்கப்போகும் இறுதிப் போட்டியில் இருநூறு மீட்டரில் யார் முந்துகிறார்களோ அவளுக்கே உதவித்தொகை.

செங்கல்பட்டு அதற்கு முந்தைய வட்டாரப் போட்டி. அங்கே முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் சென்னைக்குப் போகலாம். அதனால் நான் குனிந்ததில் வாய்ப்பு பறிபோகவில்லை, மானம்தான் பறிபோனது.

எனக்கு அந்த உதவித்தொகை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வராவிட்டால் ஆவணியில் எனக்குக் கல்யாணம். பிள்ளையார்பாளையத்தில் மாமா மகன் காத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், அவனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குக் கல்யாணம் வேண்டாம், எம்.எஸ்ஸி. வேண்டும். அவ்வளவுதான். அலமேலு வீட்டிலும் அண்ணன்மார் ஒரு பட்டமே அதிகம் என்று நினைப்பவர்கள். அவளுக்கும் வேறு கதவு இல்லை.

சண்டைக்கு வந்தவள்

செங்கல்பட்டிலிருந்து திரும்பியதும் வீட்டில் "ரெண்டாவதா வந்தேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். எப்படி இரண்டாவதாக வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் அலமேலு வந்து நின்றாள். கல்லூரி விடுமுறை நாள். சண்டை போடுவதற்கென்றே பஸ் ஏறி வந்திருந்தாள்.

"ஏண்டி, இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கே என்னை? பாவம் பாத்து வுட்டுக் குடுத்தியா?"

"மெதுவா பேசுடி. நான் எங்க வுட்டுக் குடுத்தேன்? நூலு குறுக்க இருந்துச்சி."

"இருந்தா?"

"குனிஞ்சிட்டேன்."

"எங்க ஊர்ல குறுக்க கயிறு கட்டியிருந்தா மாடுகூட அறுத்துக்கினு வரும். நீ குனிஞ்சி வுட்ட நூல நான் அறுத்தேன்னு கிரவுண்டே சிரிச்சிது. இந்த மொதல் பரிசு எனக்கு இன்னாத்துக்கு? நீ நேரா ஓடி வரணும், நான் உன்ன முந்தணும். அப்பதான் என் மனசு ஆறும்."

உள்ளே ராட்டைச் சத்தம் நின்றது. அம்மா அங்கே உட்கார்ந்து பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் ராட்டைச் சத்தம் நின்றால் யாருக்கோ விழப்போகிறது என்று அர்த்தம்.

அம்மா வாசலுக்கு வந்தாள். "இன்னாது? குனிஞ்சியா?"

நான் தரையைப் பார்த்தேன். அலமேலு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜடையைப் பிடித்ததைக்கூட விடவில்லை.

"ஜடையைப் புடிச்சிக்கினு குனிஞ்சா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். ஒரு கணம் அவள் முகத்தில் பெருமைபோல ஏதோ வந்தது. பெண்ணை ஒழுங்காக வளர்த்திருக்கிறேன் என்கிற திருப்தியாக இருக்கலாம். அது வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அது இன்னா நூலு? பட்டா?"

"கம்பளி நூலும்மா."

"கம்பளிக்கா குனிஞ்சே?" அம்மாவின் குரல் தெருமுனை வரை போனது. "பட்டுக்குக் குனிஞ்சா ஒரு மருவாதி இருக்குது. எவனோ ரெண்டு பேரு வேல இல்லாம புடிச்சிக்கினு நின்ன கம்பளி நூலுக்கு என் பொண்ணு குனிஞ்சிட்டு ரெண்டாவதா வந்து நிக்குது! அத்த அறுத்துப் போட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"நீதானேம்மா சின்னதுலேர்ந்து நூல அறுக்காதேன்னு..."

"நம்ம நூல அறுக்காதேன்னேன். ஊரான் நூலுக்கு நானாடி காவல்?"

அம்மாவுக்கு நான் ஓடுவது பிடிக்காது. அண்ணனின் பழைய வெள்ளைச் சட்டையும், கணுக்காலுக்கு மேலே ஏற்றித் தைத்த பாவாடையுமாக நான் மைதானத்துக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் நான் தோற்பது அவளுக்கு அதைவிடப் பிடிக்காது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தபோது, திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஓடு. அறு."

அம்மா உள்ளே போய் ஒரு நூல்கண்டோடு வந்தாள். பூக்கட்டுகிற வெள்ளை நூல். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறு முனையை அலமேலுவிடம் நீட்டினாள்.

"நீ அந்தாண்ட நில்லும்மா."

அலமேலு என்னைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு இந்தக் குனியும் வியாதி போகாவிட்டால் சென்னையில் அவளுக்குப் போட்டியே இல்லை. உதவித்தொகை வீடு தேடி வந்துவிடும். இதெல்லாம் வேதியியலில் முதல் மார்க் வாங்குகிறவளுக்குத் தெரியாதா?

"குடுங்க" என்று வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். "சீக்கிரம் ஓடியாடி. எனக்குப் பஸ்ஸு இருக்குது."

அன்றைய பாவுகளைச் சுருட்டி எடுத்தாகிவிட்டது. தெரு காலியாக இருந்தது. ஆனால் வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். நான் கோடியிலிருந்து ஓடி வந்தேன். நூல் கண்ணில் பட்டதும் கை ஜடைக்குப் போனது, குனிந்துவிட்டேன்.

"மறுபடியும் ஓடு" என்றாள் அம்மா.

இரண்டாம் முறை குனியவில்லை, நின்றுவிட்டேன். நூலுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவில், எங்கள் வீட்டு வாசலில், அத்தனை பேர் பார்க்க, கையும் காலும் மாட்டேன் என்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்கொப்பன்கிட்ட சொல்லி பிள்ளையார்பாளையத்துக்கு ஆளு அனுப்பிடவா?" என்று அம்மா கேட்டாள். "ஓடு. அறு."

ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். நெஞ்சில் ஏதோ கீறினாற்போல இருந்தது. நூல் அறுந்தது.

"ச்சு!" என்றது தெரு.

வாசல்களில் நின்ற அத்தனை பேரும், திட்டமிட்டதுபோல ஒரே நேரத்தில் நாக்கைத் தட்டினார்கள். அதில் உரக்கத் தட்டியது என் அம்மா. அறுக்கச் சொன்னவளே அவள்தான்! எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அலமேலுதான் சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. செங்கல்பட்டில் கேட்ட சிரிப்பு மறந்துபோனது.

அம்மா சிரித்துக்கொண்டே கீழே கிடந்த நூலை எடுத்து, இரண்டு முனைகளையும் விரலில் வைத்து ஒரு முறுக்கு முறுக்கினாள். நூல் ஒன்றாகிவிட்டது. "இன்னொரு தபா" என்றாள். நான் அறுக்க அறுக்க அவள் இணைத்துக்கொண்டே இருந்தாள். புது நூலை இழுத்தால் போதும், கண்டு நிறைய நூல் இருந்தது. ஆனால் அறுந்ததைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது.

சென்னைக்குப் போகும் வரை பஸ் கிடைத்த நாளிலெல்லாம் அலமேலு வந்து நூல் பிடித்தாள். முறை மாற்றி நானும் அவளுக்குப் பிடித்தேன். அவள் அறுக்கும்போதும் தெரு "ச்சு" என்றது. "இன்னாபா உங்க தெருவு, ஒரு நூலுக்கு எழவு கேட்டா மாதிரி பண்ணுது!" என்று சலித்துக்கொள்வாள்.

சிவப்பு நூல்

சென்னைக்குக் கிளம்பும் நாளில் அம்மா என் தலையை வாரினாள். வழக்கமான ஒற்றை ஜடையைப் போடவில்லை. பின்னி, சுருட்டி, உச்சியில் கொண்டையாகக் கட்டி, ஊசிகளைக் குத்தி இறுக்கினாள். வலித்தது. ஏன் என்று கேட்டதற்கு, "ஓடறப்ப இடுப்புல அடிக்காதில்ல" என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

மைதானம் பெரியது. சுற்றிலும் பந்தல், கொடி, ஒலிபெருக்கி. எனக்கு மூன்றாவது தடம், அலமேலுவுக்கு நான்காவது. கோட்டில் குனிந்து நிற்கும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே, "நூலு செவப்பா இருக்குது, பாத்துக்க" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள்.

வெடிச் சத்தம் கேட்டது. வளைவில் அவள் முன்னே இருந்தாள். நேர்ப்பாதையில் நான் அவளை எட்டினேன். தோளுக்குத் தோள் வந்தோம். அவள் மூச்சும் என் மூச்சும் ஒன்றாகக் கேட்டன. தொலைவில் அந்தச் சிவப்பு நூல் தெரிந்தது.

இவ்வளவு பழகியும், என் இடது கை பின்னால் போனது.

அங்கே ஜடை இல்லை. கை வெறும் முதுகைத் தொட்டுவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டது. பிடிக்க ஜடை இல்லாததால் குனியவும் தோன்றவில்லை. அம்மா ஏன் கொண்டை போட்டாள் என்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகப் போய் நூலில் மோதினேன்.

நூல் அறுந்தது. "ச்சு" என்று ஒரு சத்தம் கேட்டது. என் வாயிலிருந்துதான்.

அந்த அரை அடிதான். மூன்று வருட வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. அன்று மதியமே பந்தலில் என் பெயரை அறிவித்தார்கள். காரியதரிசி அம்மாள் என் கையைக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துப்போனது. திரும்பிப் பார்த்தேன். அலமேலு நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல், யார் பார்த்தால் என்ன என்று அழுதுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நானும் அழுதேன்.

திரும்பும் ரயிலில் பி.டி. சார் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். வண்டி வாலாஜாபாத்தை நெருங்கும்போது அலமேலு எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். இறங்குவதற்கு முன்னால் முந்தானையில் முடிந்திருந்த ஒன்றை அவிழ்த்து என் கையில் வைத்தாள். அறுந்த சிவப்பு நூலின் ஒரு பாதி. மறு பாதி ஓட்டம் முடிந்ததிலிருந்து என் கழுத்திலேயே கிடந்தது.

"கீழ கெடந்துச்சி, எடுத்தேன்" என்றாள். "உங்கம்மாகிட்ட குடு. ஒரு பாதிய மட்டும் பாத்தா அவங்களுக்குத் தூக்கம் வராது."

"அலமேலு..."

"நேரா வந்தே இல்ல? அது போதும். போடி."

இறங்கிப் போய்விட்டாள். அவள் அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார். வண்டி நகரும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து, தலைமையாசிரியையாகப் பல பெண்களை ஓடவிட்டாள். நாங்கள் இன்றுவரை பேசிக்கொள்கிறோம். ஆனாலும் எம்.எஸ்ஸி. என்ற எழுத்துகளை என் பெயருக்குப் பின்னால் எழுதும்போதெல்லாம் அந்த நாற்காலி வரிசை நினைவுக்கு வரும். என்னைவிட நன்றாகப் படித்தவள் அவள். இதை எழுதும்போதும் மனம் வலிக்கிறது.

இரண்டு முனை

வீட்டுக்குப் போனபோது விளக்கு வைக்கும் நேரம். சேதி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. அப்பா தறியை விட்டு எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த நூலைப் பார்த்தாள்.

"இதுவா?"

"ம். கம்பளிதான்."

விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தாள். "முறுக்கே இல்ல. இத்தப் போயி..." என்று முணுமுணுத்தாள். அலமேலு கொடுத்த பாதியை நீட்டினேன். யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று சொன்னேன். அம்மா இரண்டு பாதிகளையும் வாங்கிக்கொண்டாள். பிறகு ராட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியை இழுத்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"அழுதா."

"நீ?"

"நானுந்தான்."

அம்மா இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினாள். இணைத்த இடத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. எழுந்து வந்து, நூலை மடித்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"மெட்ராஸுக்குப் போறப்ப இத்த எடுத்துக்கினு போ" என்றாள். "இனிமே எவன் குறுக்க நூலு புடிச்சாலும், அறுத்துட்டுப் போயிக்கினே இரு. அறுந்தத நான் முடிஞ்சிக்கிறேன்."

பிறகு என்னைத் திருப்பி உட்காரவைத்து, தலையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜடையை அவிழ்த்துவிட்டாள்.